ஒரு மூச்சு இருட்டு

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் பூரணத்தை விடவில்லை. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள்.

"மாஸ்டர், நான் முன்னுக்குப் பின்னா சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க அக்கா."

"ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைச் சொன்னா, நீங்க வேற பதில் சொல்லிருவீங்க. அதை நம்பி நான் செஞ்சு, ஒரு உயிர் போயிருச்சுன்னா?"

"அப்ப நான் பதிலே சொல்லலை. நீங்க சொல்லுங்க."

தாவூத் மாஸ்டர் அவளைவிட வயதில் இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் அவளுக்கு அவர்தான் குரு. மாநாட்டுப் பந்தல், கடற்கரைக் கச்சேரி, கோயில் திருவிழா என்று ஊரே கூடும் இடங்களில் எந்த விளக்கு எங்கே விழ வேண்டும், எது எப்போது எழ வேண்டும், எது எப்போது அடங்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றாள்.

பூரணம் ஐந்தாம் வகுப்போடு நின்று அப்பாவின் மைக் செட் கடையில் உட்கார்ந்தவள். லைட் போர்டில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்து அவளுக்கு ஓடாது. விளக்கைக் கூட்டவும் குறைக்கவும் தள்ளுகிற ஃபேடர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருப்பாள். சிவப்புப் பொட்டு கோபுரத்துக்கு. பச்சை மரங்களுக்கு. கறுப்பு தண்ணீருக்கு.

வயரை ஒரு முடிச்சுப் போட்டால் போதும் என்ற இடத்தில் இரண்டு போடுவாள். பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து அந்த இரண்டையும் இழுத்துப் பார்ப்பாள்.

"மலையடி ஊர் தீபத் திருவிழா இந்த வருஷம் என் கைக்கு வந்திருக்கு மாஸ்டர்."

"நல்ல விஷயம்தானே?"

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அன்னியிலேருந்து சோறு இறங்கலை."

மலையடி ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மலை உச்சியில் தீபம் ஏற்றும்போது கீழே ஒரு விளக்கும் கண் திறந்திருக்கக் கூடாது. கோயில் மணி அடித்ததும் கோபுரம், கடை, வீடு எல்லாம் அணைந்துவிடும். கைபேசிகூட மடிக்குள் போய்விடும். அந்த இருட்டில் மலைமேல் முதல் சுடர் எழும். அதே சுடர் கீழே குளத்துத் தண்ணீரிலும் எழும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கத்தான் ஜனங்கள் குளத்துப் படிகளில் நெருக்கியடித்து நிற்பார்கள்.

போன வருஷம் அந்த இருட்டில் ஒரு வளையல்காரி இடறிக் குளத்தில் விழுந்தாள். விழுந்த சத்தம் யார் காதிலும் விழவில்லை. எல்லோரும் மலையைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டிருந்தார்கள். திரும்ப விளக்கு வந்தபோது படியில் அவளுடைய வளையல் மூட்டை மட்டும் இருந்தது.

"முத்துப்பேச்சி. எனக்குத் தெரிஞ்சவ மாஸ்டர். என் மக கல்யாணத்துக்கு அவதான் வளையல் போட்டுவிட்டா. ஒரு வளையலாவது உடையணுமே, ம்ஹூம். அப்படி ஒரு கை அவளுக்கு."

மாஸ்டர் கையில் இருந்த வயரைக் கீழே வைத்தார்.

"தண்ணிக்குக் கொஞ்சம் மேல ஒரு படி உடைஞ்சு கிடக்கு. அதுலதான் கால் வெச்சிருக்கா. சரி பண்ணுங்கன்னேன். பழங்காலத்துக் கல்லு, தொடறதுக்கே அனுமதி வரணுமாம். கயிறு கட்டுங்கன்னேன். இருட்டுல அந்தக் கயித்துலயே தடுக்கி விழுவாங்களாம். படியோரம் சின்னதா ஒரு பல்பு, ஒரே ஒரு பல்பு போடறேன்னேன். விழாத் தலைவர் என்னைப் பார்த்தாரு பாருங்க ஒரு பார்வை. பெத்த பிள்ளைக்கு விஷம் வெக்கிறவளைப் பார்க்கிற மாதிரி."

மூச்சு வாங்கினாள்.

"முழு இருட்டும் வேணும். ஒருத்தரும் விழவும் கூடாது. இது ரெண்டும் ஒண்ணாச் சேருமா மாஸ்டர்?"

"டீ குடிக்கிறீங்களா?"

"நான் என்ன கேட்கிறேன், நீங்க..."

"கூப்பிடறேன். அப்புறமா வாங்க."

எழுந்து உள்ளே போய்விட்டார்.

மூடிப்போன ஒரு சினிமா தியேட்டரை வாடகைக்கு எடுத்து அதற்குள்தான் மாஸ்டர் தன் விளக்குகளை அடுக்கி வைத்திருந்தார். பூரணம் வாசலில் நின்றாள். உச்சி வெயில் சிமெண்ட் தரையில் பட்டுக் கண்ணைக் குத்தியது. போனவரை வெகு நேரம் காணோம். டீயை இப்போதுதான் தோட்டத்தில் பறிக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

"வாங்க அக்கா."

உள்ளே போனாள். முதுகுக்குப் பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது.

கண்ணைப் பிடுங்கிப் போட்டது போல இருந்தது.

"மாஸ்டர்?"

"அங்க ஒரு படி இருக்கு அக்கா."

"எங்க?"

"உங்க காலுக்கு முன்னால."

"லைட்டைப் போடுங்க."

"கரண்டு இல்லை."

"பொய். வாசல்ல ஃபேன் ஓடுது."

"ஆமா. பொய்தான்."

பூரணம் காலைத் தூக்கவில்லை. கையை நீட்டினாள். காற்றுதான் கிடைத்தது.

"மேட்னி ஷோவுக்கு லேட்டா வந்த மாதிரி இருக்கு."

"அப்ப எப்படி சீட்டைக் கண்டுபிடிப்பீங்க?"

"யார் மடியிலயாவது உட்கார்ந்துதான். விளையாடாதீங்க மாஸ்டர். நான் உயிர் விஷயம் கேட்டு வந்திருக்கேன்."

பதில் இல்லை.

திட்டினாள். எங்கோ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம்தான் கேட்டது. அழுகை வந்தது. வந்த அழுகை யாரும் பார்க்காததால் அப்படியே நின்றுவிட்டது. சும்மா இருந்தாள்.

அப்புறம் எதிரே வெள்ளையாக ஏதோ இருந்தது. அது மாஸ்டரின் சட்டை. அதற்குப் பக்கத்தில் நாற்காலிகளின் முதுகுகள், ஒன்றன் பின் ஒன்றாக. அடுக்கி வைத்த விளக்குகளின் வட்ட முகங்கள். கதவிடுக்கில் நூல் போல ஒரு வெளிச்சம். காலுக்கு முன்னால் ஒரு படி.

இறங்கினாள். நடந்துபோய் மாஸ்டரின் பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்தாள்.

"ஆறிப்போச்சே."

"நான் சூடாவே குடிச்சேன்."

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"நான் முன்னாலயே வந்துட்டேன்."

பூரணம் ஆறிய டீயைக் குடித்துவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் உட்கார்ந்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த சந்தோஷத்தில் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்து, நேராக மலையடி ஊருக்குப் போனாள்.

விழாத் தலைவர் திருமலைக்கொழுந்து பந்தல்கால் ஊன்றுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு. கனத்த குரல்.

"ஐயா, இருட்டைக் கொஞ்சம் நீட்டணும்."

"எதை?"

"இருட்டை. முன்னாலயே அணைச்சிருவோம். ஜனங்க இருட்டுல கொஞ்ச நேரம் நிக்கட்டும். கண்ணு தானாப் பழகிரும். படி தெரிஞ்சிரும்."

"நிப்பாங்களா? புள்ளைங்க அழுவும். கழுத்துல கிடக்கிறதைக் கழட்டிட்டுப் போறவனுக்குத்தான் திருவிழா. இத்தனை ஜனம் இருட்டுல நின்னா எவனாவது ஒருத்தன் பாம்புன்னு கத்தினாப் போதும், நசுங்கியே செத்துருவாங்க. ஒரு மூச்சு நேரம்மா. எங்க தாத்தா காலத்துலேருந்து ஒரு மூச்சு இருட்டுதான்."

பூரணத்தின் முகம் தொங்கிப்போனது.

"இன்னொண்ணு கேட்டுக்கோ. மணி அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால இருக்கிற விளக்கையெல்லாம் முழுசா ஏத்திரணும். குளத்தைச் சுத்தி நிறுத்தியிருக்கே ராட்சச விளக்கு, அதையும். வானமே பத்தி எரியற மாதிரி இருக்கணும். அப்படி ஏத்தி அணைச்சாத்தான் இருட்டு இருட்டா இருக்கும். போன வருஷம் அப்படித்தான் செஞ்சாங்க. என்னமா எடுத்துச்சு தெரியுமா?"

சொல்லிவிட்டு அவரே குளத்துப் பக்கம் பார்த்தார். குரல் இறங்கியது.

"அந்தம்மா விஷயம் என் மனசுலயும் கிடக்கு. அதான் இந்தத் தடவை உன்னைக் கூப்பிட்டேன். நீ ரொம்பப் பயப்படுவேன்னு சொன்னாங்க."

மறுநாள் வெயில் சாயும் முன் பூரணம் மறுபடியும் தியேட்டர் வாசலில் இருந்தாள். இந்தத் தடவை பயம் இல்லை. கோபம்தான்.

"நீங்க சொன்னதைச் செய்ய முடியாதுங்கிறாங்க மாஸ்டர்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லலை. அதைத்தான் செய்ய முடியாதுங்கிறாங்க."

மாஸ்டர் சிரித்தார். போன வருஷம் போலவே வானமே பத்தி எரிகிற மாதிரி ஏற்றி அணைக்க வேண்டுமாம் என்பதையும் அவள் கொட்டித் தீர்த்தாள். கதவைத் திறந்துவிட்டார். பூரணம் போய் நின்றாள். இப்போது அவளுக்கு அந்தக் குருட்டு நேரம் பழகியிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தாள். சட்டை தெரிந்தது. நாற்காலிகள் தெரிந்தன. படி தெரிந்தது.

"தெரியுதா அக்கா?"

"தெரியுது. உங்க சட்டையில மேல் பித்தான் இல்லாததுகூடத் தெரியுது."

முகத்துக்கு நேரே ஒரு பெரிய விளக்கு எரிந்து அணைந்தது.

"ஐயோ பாவி!"

கண்ணுக்குள் பச்சையும் ஊதாவுமாக வட்டங்கள் மிதந்தன. சட்டை இல்லை. நாற்காலி இல்லை. படி இல்லை.

"என்ன மாஸ்டர் இது? அவ்வளவு நேரம் நின்னு சேர்த்தேன். எல்லாம் போச்சு!"

"எவ்வளவு நேரம் எரிஞ்சுது?"

"கண்ணைச் சிமிட்டுற நேரம்."

இருட்டுக்குள்ளிருந்து மாஸ்டரின் குரல் மட்டும் வந்தது. அதில் சிரிப்பு இல்லை.

"போன வருஷம் அந்தப் படியில வானமே பத்தி எரிஞ்சுதுன்னு சொன்னீங்கல்ல?"

பூரணம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முத்துப்பேச்சியின் கண்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. வளையலின் அளவைக் கையைத் தொடாமலே சொல்லிவிடும் கண்கள்.

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் வாசலுக்கு வந்தார்கள். படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். எதிரே சாலை, சாலைக்கு அப்பால் ஒரு டீக்கடை. வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது.

"ஏத்தவும் கூடாது. இருட்டை நீட்டவும் முடியாது. அப்ப நான் என்னதான் செய்யறது?"

"வெளிச்சம் போறப்ப சொல்லுங்க அக்கா. நான் ஒரு இடத்துக்குப் போகணும்."

"ம்."

"மக எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன. மாமியாரைப் பத்தி போன்ல சொல்றா. மாமியார் அவளைப் பத்திச் சொல்றாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் உக்காந்து ரெண்டு பேருக்கும் ஆமாம் போடறேன். அவ இப்ப முழுகாம இருக்கா மாஸ்டர். முதல் குழந்தை. எனக்கு ஒரே படபடப்பு. மாடிப்படி ஏறாதேன்னு சொன்னேன். வீட்டுல மாடியே இல்லையேம்மாங்கிறா. இல்லாட்டி என்ன, ஆஸ்பத்திரியில இருக்குமே?"

மாஸ்டர் கேட்டார். அவள் சொன்னாள். மருமகன் நல்லவன், ஆனால் வண்டியை வேகமாக ஓட்டுகிறான் என்றாள். ராத்திரி கேஸை மூடிவிட்டுப் படுத்தாலும் மறுபடி எழுந்து பார்க்கிறேன் என்றாள். பேசிக்கொண்டே காலடியில் கிடந்த ஒரு சுள்ளியை எடுத்துத் துண்டு துண்டாக ஒடித்தாள்.

எதிர்க் கடையில் பல்பைப் போட்டார்கள்.

பூரணம் நிமிர்ந்து பார்த்தாள். சாலை இல்லை. மரங்கள் கறுத்திருந்தன. வானத்தில் நட்சத்திரம்.

"எப்ப அக்கா இருட்டுச்சு?"

பூரணம் வாய் திறந்தாள். மூடினாள்.

எழுந்து, சொல்லிக்கொள்ளாமலே வேகவேகமாக நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, படியில் விட்டுப்போன பையை எடுத்துக்கொண்டு மறுபடி போனாள்.

திருவிழா அன்று காலையிலேயே பூரணம் குளக்கரைக்கு வந்துவிட்டாள்.

கரையோரக் கடைக்காரர்களிடம் போய், பல்புக்கு முன்னால் ஆளுக்கொரு வாழையிலை தொங்கவிடச் சொன்னாள். எதற்கு என்று கேட்டார்கள். அழகுக்கு என்றாள். விருந்தினர் பந்தலில் தனி ஜெனரேட்டரில் டியூப் லைட் எரிந்தது. அது அவள் கைக்குள் இல்லை. குளத்தைப் பார்த்த பக்கத்தில் கெட்டியான படுதா கட்டச் சொன்னாள். எதற்கு என்று கேட்டார்கள். பனிக்கு என்றாள்.

அவளுடைய போர்டு தண்ணீருக்கு மேலே இருந்த ஒரு கல்மேடையில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் எதிரே மலை. குனிந்தால் படிகள்.

சூரியன் மலைக்குப் பின்னால் போனது. கோபுரம் ஒளிர்ந்தது. மரங்கள் ஒளிர்ந்தன. தண்ணீரில் கோபுரம் தலைகீழாக நின்றது. ஜனங்கள் "ஆ" என்றார்கள்.

அந்த "ஆ" அடங்கும் முன்பே பூரணம் குறைக்கத் தொடங்கினாள்.

கறுப்புப் பொட்டில் விரலை வைத்தாள். பால் பாத்திரத்தின் பக்கத்தில் நிற்பவளைப் போல அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நகம் அளவுக்கு இறக்கினாள். நிறுத்தினாள். ஜனங்களைப் பார்த்தாள். ஒருவரும் நிமிரவில்லை. பச்சையை இறக்கினாள். நிறுத்தினாள். சிவப்பை இறக்கினாள்.

பொரி விற்பவன் பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தான். பெண்கள் மற்றவர் புடவையின் கரையைத் தொட்டுப் பேசினார்கள். தம்பியைக் கிள்ளியது யார் என்று ஒரு அம்மா விசாரித்தாள். ஒருவரும் கண்ணைக் கசக்கவில்லை. ஒருவரும் "ஏன் மங்குது?" என்று கேட்கவில்லை.

கேட்டது ஒருவர்தான்.

டியூப் லைட் பந்தலிலிருந்து திருமலைக்கொழுந்து வெளியே வந்தார். வந்தவர் வாசலிலேயே ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டார். வழியில் இருந்தவர்களை விலக்கிக்கொண்டு கல்மேடைமேல் ஏறினார்.

"பூரணம்! என்னம்மா இது, இழவு வீடு மாதிரி அழுது வடியுது?"

"ஐயா..."

"மணி அடிக்கப் போறாங்க. ஏத்து எல்லாத்தையும். ராட்சச விளக்கை முதல்ல போடு!"

"இதோ ஐயா."

மஞ்சள் பொட்டு ஒட்டிய ஃபேடரை மேலே தள்ளினாள். முழுவதும் தள்ளினாள்.

ஒன்றும் வரவில்லை.

"என்னாச்சு?"

"வரலையே ஐயா."

"ஏன் வரலை? நல்லாப் பாரு!"

பூரணம் குனிந்து வயரை இழுத்துப் பார்த்தாள். ராட்சச விளக்குகளின் ஃபியூஸ் கட்டைகளை மத்தியானமே பெட்டியிலிருந்து பிடுங்கிவிட்டிருந்தாள். அவை அவளுடைய முந்தானையில் இரண்டு முடிச்சுக்குள் இருந்தன. முடிச்சு இடுப்பில் செருகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தப்பாகச் சொல்லிவிடுவாள்.

கோயில் மணி அடித்தது.

பூரணம் மிச்சமிருந்த கொஞ்சத்தையும் இறக்கினாள். கடைகள் அணைந்தன. தெருக்கள் அணைந்தன. படுதாவுக்குப் பின்னால் டியூப் லைட்டும் அணைந்தது. அங்கே இருந்தவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அவர்கள் விழ இடமில்லை.

இருட்டு.

எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். பூரணம் மட்டும் படிகளைப் பார்த்தாள்.

கல்லின் விளிம்புகள் சாம்பல் கோடுகளாக ஒன்றன்கீழ் ஒன்று தெரிந்தன. தோள்மேல் குழந்தையை வைத்திருந்த ஒருவன் இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று கீழே இறங்கினான். ஒரு படி. இன்னொரு படி. உடைந்த படிக்கு வந்தான்.

அவன் கால் அந்தரத்தில் நின்றது. பக்கத்துக் கல்லுக்கு மாறியது.

பின்னால் வந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்து, உடைந்த இடத்தைக் கையால் காட்டினான். அவள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி இறங்கினாள். அவள் தனக்குப் பின்னால் வந்த கிழவருக்குக் காட்டினாள்.

மலைமேல் சுடர் எழுந்தது. தண்ணீரிலும் எழுந்தது.

பூரணத்தின் முதுகுக்குப் பின்னால் கை துழாவும் சத்தம் கேட்டது.

"பூரணம்? எங்கம்மா இருக்க? எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

திரும்பினாள். திருமலைக்கொழுந்து கல்மேடையின் விளிம்பில் நின்றார். கீழே தண்ணீர். பாதி செருப்பு வெளியே இருந்தது.

பூரணம் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அங்க ஒரு படி இருக்கு ஐயா."

"எங்க?"

"உங்க காலுக்கு முன்னால. அசையாதீங்க. அப்படியே உட்காருங்க."

அந்தக் கனத்த உடம்பு குழந்தை போல உட்கார்ந்தது.

"அம்மா, அந்த லைட்டைப் போடும்மா. கொஞ்சமாப் போடு."

பூரணம் அவர் கையை விடவில்லை. இன்னொரு கையால் இடுப்பு முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கரண்டு இல்லை ஐயா" என்றாள்.